இன்ஜினுக்கு முன்னால் ஒரு நோட்டுப் புத்தகம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் மந்தைவெளியில் என் வீட்டுக்கு வந்தார்கள். தாத்தா விட்டுப்போன பழைய பிரீமியர் பத்மினி ஒன்று அவர்களிடம் இருக்கிறதாம். "சார், தினமும் ஓட்டணும், டிராக் ரேஸுக்கும் கொண்டு போகணும். எவ்ளோ ஹார்ஸ்பவர் எடுக்கலாம்?" என்றார்கள். "பிரேக் எப்படி இருக்கு?" என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்லப்போகிறேன்.

முதலில் என் கதை. 1986-இல் எனக்கு இருபத்திரண்டு வயது. அப்பா வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கிய பத்மினி வீட்டில் நின்றது. சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த நாட்கள் அவை. அங்கே பியட் வண்டிகள் சீறுவதைப் பார்த்துவிட்டு வந்தவனுக்குத் தூக்கம் வருமா? ஹெட்டைக் கழற்றிப் புதுப்பேட்டையில் ஒரு லேத்துக்குக் கொண்டுபோனேன். "எவ்வளவு சீவணும்?" என்று கேட்டார் அந்தப் பெரியவர். "முடிஞ்ச வரைக்கும்" என்றேன். அவர் மேல் தப்பில்லை. கேட்டதைச் செய்துகொடுத்தார்.

இரண்டு வாரம் ராஜா மாதிரி ஓட்டினேன். மே மாத மதியம், அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அடையாறு திரு.வி.க. பாலத்தின் மேல் 'டிக் டிக்' என்று நாக்கிங் சத்தம். கேட்டும் கேட்காத மாதிரி மிதித்தேன். மூன்றாவது பிஸ்டனில் ஓட்டை விழுந்தது. அப்பா ஒன்றும் திட்டவில்லை. இறங்கி பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த வண்டியில் அவர் ஏறவே இல்லை.

என்ன தப்பு நடந்தது? கணக்குப் போடவில்லை, அவ்வளவுதான். பத்மினி இன்ஜினின் போர் 68 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 75. நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து 1089 சிசி. ஒரு சிலிண்டருக்கு 272 சிசி. கம்ப்ரஷன் 9-க்கு 1 வேண்டுமென்றால் பிஸ்டன் மேலே நிற்கும்போது மிச்சமுள்ள இடம், கேஸ்கட் தடிமனையும் சேர்த்து, 34 சிசி இருக்க வேண்டும். 10-க்கு 1 என்றால் 30 சிசி. நாலே நாலு சிசி வித்தியாசம்! கண்ணால் பார்த்தால் தெரியாது. ஸ்பார்க் பிளக்கைப் போட்டு, ஹெட்டின் மேல் கிரீஸ் தடவிய கண்ணாடித் தகட்டை வைத்து, அதில் ஒரு சின்னத் துளை வழியாகக் கெமிஸ்ட்ரி லேப் பியூரெட்டால் எண்ணெய் விட்டு அளக்க வேண்டும். அன்றைய பெட்ரோலின் ஆக்டேன் எண்ணுக்கு எவ்வளவு தாங்கும் என்று பார்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் லேத்துக்குப் போக வேண்டும்.

"போரைப் பெரிசு பண்ணலாமே?" என்பார்கள். 40 தௌ ஓவர்சைஸ் போட்டால் 1089, 1122 ஆகும். மூன்று சதவீதம். அதற்கு மேல் போனால் சிலிண்டர் சுவர் மெலியும், சூடேறும். உண்மையான பவர் மூச்சில் இருக்கிறது: கேம்ஷாஃப்ட், வால்வு, கார்புரேட்டர், எக்ஸாஸ்ட். இங்கேதான் நீங்கள் ஒரு முடிவுக்கு வர வேண்டும். கால் மைல், அதாவது 402 மீட்டர் ஓட்டத்துக்கு ஏற்ற கடுமையான கேம் போட்டால் பனகல் பார்க் சிக்னலில் ஐட்லிங் நிற்காது, கீழ் ஆர்.பி.எம்.-இல் இழுக்காது. தினமும் ஓட்டும் வண்டி என்றால் மிதமான கேம்தான். மனசு கேட்காது, தெரியும்.

ஆர்.பி.எம்.-மும் சும்மா கிடைப்பதில்லை. 5000-இல் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 12.5 மீட்டர், 6500-இல் 16.25. ஆனால் கனெக்டிங் ராடை இழுக்கும் விசை வேகத்தின் வர்க்கமாக ஏறும்: ஏறக்குறைய 1.7 மடங்கு. அந்த கிராங்கைத் தாங்குவதோ மூன்றே மெயின் பேரிங். ஆகவே ராட் போல்ட், பேலன்சிங், ஆயில் பம்ப் இவற்றுக்கு முதலில் பணம் ஒதுக்குங்கள். இரட்டை கார்புரேட்டர் பளபளவென்று இருக்கும். அது கடைசியில் வரட்டும். ஸ்டியரிங் பக்கத்து கியர் லிவரை அவசரத்தில் தப்பாகப் போட்டால் இன்ஜின் எங்கே போய் நிற்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பெட்ரோலும் மாறிவிட்டது. ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நாடு முழுக்க நின்றது. இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. நாக்கிங்குக்கு அது நல்லதுதான். ஆனால் பழைய ரப்பர் குழாயும் பம்ப் டயாபிரமும் அதில் ஊறிக் கெடும். கொஞ்சம் பெரிய ஜெட்டும் வேண்டும். சித்திரை வெயிலில் பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி சுற்றி ஓட்டியவர்கள் இந்த அரங்கில் பலர் இருப்பீர்கள். அந்த வேப்பர் லாக் தொல்லை எத்தனாலில் இன்னும் கூடும். குழாயை எக்ஸாஸ்டிலிருந்து தள்ளிக் கொண்டுபோகிற வழியையும் நோட்டில் வரைந்துகொள்ளுங்கள்.

இப்போது பிரேக். நாலு சக்கரத்துக்கும் டிரம். சுமார் 40 குதிரைத்திறனுக்காகச் செய்த வண்டி. பவரை ஒன்றரை மடங்காக்கி, அதே டிரம்மோடு ஈ.சி.ஆரில் இறங்கினால் சாகப்போவது நீங்கள் மட்டுமில்லை, சைக்கிளில் வருகிற எவரோ ஒருவர். முன்சக்கரத்துக்கு டிஸ்க், நல்ல டயர், கிளட்ச், பின் ஆக்சில் எல்லாம் முடிந்த பிறகுதான் இன்ஜினைத் திறக்க வேண்டும். ஓட்டிப் பார்ப்பதற்கும் இருங்காட்டுக்கோட்டை இருக்கிறது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் டிராக், 1990-இல் வந்தது. அங்கே டிராக் போட்டிகளும் நடத்தியிருக்கிறார்கள். கோயம்புத்தூர் கரிவரதன் 796 சிசி மாருதி இன்ஜினை வைத்தே ஒற்றை இருக்கை ரேஸ் கார் கட்டி, எத்தனையோ இளைஞர்களை இறக்கிவிட்டார். சின்ன இன்ஜின் என்று வெட்கப்பட வேண்டாம்.

அந்த இரண்டு பிள்ளைகளும் இப்போது வாரா வாரம் வருகிறார்கள். நோட்டில் பதினெட்டுப் பக்கம் நிரம்பியிருக்கிறது. வண்டியில் இன்னும் ஒரு ஸ்பேனர் படவில்லை. எங்கள் பத்மினி வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிறது. அதே வண்டிதான், கம்ப்ரஷன் 8.8. உரை முடிந்ததும் பானெட்டைத் திறக்கிறேன், பார்க்க விரும்புகிறவர்கள் வாருங்கள்.