நீலத் தண்ணீர் பாட்டிலும் நாயின் கண்ணும்



தெருநாய் அசுத்தம் செய்யாமலிருக்க நம்மில் பலர் வாசலில் நீலத் தண்ணீர் பாட்டில் வைத்திருக்கிறோம். அந்த நிறத்தைக் கண்டு நாய் பயப்படுமா என்று பார்ப்போம்.

நாய்க்குக் கறுப்பு வெள்ளை மட்டும்தான் தெரியும் என்பார்கள். அது சரியல்ல. 1989-இல் அமெரிக்காவில் நைட்ஸ், கைஸ்ட், ஜேக்கப்ஸ் ஆகிய மூவர் மூன்று நாய்களை வைத்துச் சோதித்தார்கள். நிறம் அறியும் செல்கள் நமக்கு மூன்று வகை. நாய்க்கு இரண்டு வகைதான். அதனால் நீலமும் மஞ்சளும் அதற்கு நன்றாகத் தெரியும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவது கடினம். காட்டில் வாழும் நரிகளுக்கும் இதே இரண்டு வகைதான் என்று 1993-இல் தெரியவந்தது. அந்தியிலும் இரவிலும் இரை தேடும் இந்த இனத்துக்கு நிறத்தைவிட அசைவும் மங்கிய வெளிச்சத்தில் பார்ப்பதும்தான் முக்கியம்.

ஆக, நீலம் நாய்க்கு நன்றாகத் தெரிகிற நிறம். அதைக் கண்டு பயப்படக் காரணம் இல்லை. மூத்திர வாடைதான் அதைத் திரும்ப வரவழைக்கிறது. வாசலை நன்றாகக் கழுவினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

குழந்தைகளுக்கு ஒன்று சொல்லுங்கள்: நாயைக் கண்டதும் ஓடக்கூடாது. ஓட்டம்தான் அதன் கண்ணை இழுக்கும். அசையாமல் நின்று, மெதுவாக விலக வேண்டும். கடித்தாலோ பிராண்டினாலோ உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவி, தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

பாட்டிலை எடுத்துவிட்டு, நம் தெரு நாய்கள் எல்லாவற்றுக்கும் ரேபிஸ் தடுப்பூசி போடச் சேர்ந்து முயல்வோம்.