கற்களில் எழுதிய கடிதம்

புடவையின் தோள் மடிப்பு நழுவாதிருக்க நம் பெண்மணிகள் குத்திக்கொள்ளும் 'புரூச்' மேனாட்டிலிருந்து வந்த அணி. ஆடையின் இரு ஓரங்களைச் சேர்த்துப் பிடிக்கும் ஊசியாகவே அது பிறந்தது. பண்டைய ரோமானியர்களில் ஆண்களும் பெண்களும் அதனை அணிந்தனர். நாளடைவில் ஊசி பின்னால் மறைந்தது. முன்புறத்தில் பொன்னும் மணியும் இடம்பெற்றன. 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்திலோ அது வேறொரு பணியையும் மேற்கொண்டது. வாய்விட்டுச் சொல்லக் கூசும் செய்திகளைச் சுமக்கும் தூதாயிற்று.

ஓர் உதாரணம் பார்ப்போம். 1840 பிப்ரவரி 10-ஆம் தேதி விக்டோரியா மகாராணிக்கும் ஆல்பர்ட் இளவரசருக்கும் திருமணம் நடந்தது. மணமகளின் நீண்ட பின்னாடையை ஏந்திச் சென்ற பன்னிரண்டு கன்னியருக்கும் ஆளுக்கொரு புரூச் பரிசாகக் கிடைத்தது. அதன் உருவம் கழுகு. மணமகனின் கோபர்க் குலத்துச் சின்னம் அது. உடல் முழுவதும், வடநாட்டுக் கடைகளில் 'பிரோஸா' என்று வழங்கும் நீலக் கல், கண்களில் மாணிக்கம், அலகில் வைரம், நகங்களின் பிடியில் முத்து. நீலக்கல் உண்மை அன்பையும், மாணிக்கம் காதல் வேட்கையையும், வைரம் அழியாமையையும் குறிப்பதாக அக்காலத்தார் கொண்டனர். அவற்றுள் ஒன்றை லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் பாதுகாத்து வருகிறார்கள்.

உருவங்களுக்கும் இவ்வாறே பொருள் உண்டு. நங்கூரம் நம்பிக்கையைக் குறிக்கும். புறா அன்பையும் அமைதியையும் குறிக்கும். 'என்னை மறவாதே' என்பதையே பெயராகக் கொண்ட ஒரு சிறு நீல மலர், பிரிந்து செல்பவரின் வேண்டுகோளாக அமையும். தன் வாலைத் தானே கவ்விய பாம்பு, முதலும் முடிவும் இல்லாத காதலுக்கு அடையாளம். பாம்பைக் கண்டால் அஞ்சுவோருக்கு இது விந்தையாகத் தோன்றலாம். மணப்பெண்ணின் பின்னலில் சடைநாகம் பூட்டி மகிழும் நமக்கு அவ்வளவு விந்தையாக இராது.

துயரத்திற்கும் தனி அணிகள் இருந்தன. 1861 டிசம்பரில் ஆல்பர்ட் மறைந்தார். 1901-இல் தாம் இறக்கும்வரை மகாராணி கறுப்பு ஆடையைக் களையவில்லை. துக்கம் காப்போர் பளபளக்கும் மணிகளை அணிதல் முறையன்று என்பதால், யார்க்ஷயரின் கடற்கரை ஊராகிய விட்பியில் கிடைத்த 'ஜெட்' என்னும் கருநிறப் பொருளுக்குப் பெருமதிப்பு ஏற்பட்டது. மண்ணில் புதையுண்ட மரம் பல கோடி ஆண்டுகளில் இறுகி உருவானது அது. எடை மிகக் குறைவாதலால் பெரிய புரூச்சுகளையும் அதில் செதுக்க முடிந்தது. இறந்தவரின் கூந்தல் இழையைப் பின்னிப் பளிங்கின் அடியில் பதித்து, சுற்றிலும் சிறு முத்துக்களை வைப்பதும் உண்டு. அம்முத்துக்கள் கண்ணீர்த் துளிகள்.

இவை அனைத்திலும் என்னை மிகவும் கவர்ந்தது எழுத்துப் புரூச். ரூபி, எமரால்டு, கார்னெட், அமெதிஸ்ட், மறுபடியும் ரூபி, இறுதியில் டயமண்ட் என ஆறு கற்களை வரிசையாகப் பதிப்பார்கள். அவற்றின் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துக்களைக் கூட்டினால் 'ரிகார்ட்' என்ற சொல் வரும். அன்பு கலந்த மதிப்பு என்பது அதன் பொருள். மாணிக்கம், மரகதம் என்று தமிழில் பெயர்த்த அக்கணமே அச்சொல் கலைந்துவிடும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவனுக்கு இதைவிடக் கடினமான வாசகம் கிடைக்குமா?

மொழி மாறாமலே அச்சொல் கலைவதும் உண்டு. மரகதம் உதிர்ந்த இடத்தில், விவரம் அறியாத ஒருவர் வேறொரு பச்சைக் கல்லைப் பதித்துவிட்டால் போதும். அழகு குறையாது, விலைகூடப் பெரிதும் குறையாதிருக்கலாம். ஆனால் ஒருவர் மற்றொருவருக்கு எழுதிய கடிதம் அதோடு அழிந்து போகிறது. கொடுத்தவரும் இல்லை, பெற்றவரும் இல்லை. கேட்டறிய இனி யாரும் இல்லை.

அயல் மாநிலங்களில் வாழும் நம் வீடுகளிலும் பாட்டி அணிந்த பதக்கமோ தோடோ ஒன்றிரண்டு இருக்கக்கூடும். அதன் எடை நமக்குத் தெரியும். அதை யார், எப்போது, எதற்காகக் கொடுத்தார்கள் என்பது தெரியுமா? தெரிந்தவர்கள் ஊரில் இருக்கும்போதே கேட்டு, ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, நகையோடு பெட்டியில் வைத்துவிடுங்கள். பழுது பார்க்கவோ உருக்கவோ கொடுக்குமுன் அதை ஒரு முறை படித்துப் பார்க்கலாம் அல்லவா?