சோதனையும் நிறுவலும்

நூறு முக்கோணங்களின் கோணங்களை அளந்து, கூட்டுத்தொகை 180 பாகையே எனக் காட்டும் மாணவனுக்கு நாம் புள்ளி வழங்குவதில்லை, "நிறுவுக" என்கிறோம். கணினி நிரலுக்கும் அஃதே நியதி. ஆயிரம் சோதனைகளில் வழுவாத நிரல் ஆயிரத்தோராவதில் வழுவலாம்.

1934இல் நம் கொழும்பிற் பிறந்த பிரித்தானிய அறிஞர் டோனி ஹோர், 1969இல் ஒரு வழி காட்டினார். நிரலின் ஒவ்வொரு கூற்றுக்கும் முன்னும் பின்னும் மெய்யாயிருக்க வேண்டியவற்றை வகுத்து, கேத்திரகணிதம்போற் படிப்படியாக நிறுவுவதே அது. 1998இற் பாரிஸிலே திறக்கப்பட்ட, சாரதியில்லாத 14ஆம் இலக்கச் சுரங்கப் புகையிரதப் பாதையின் பாதுகாப்பு நிரல், இத்தகைய முறைகளுள் ஒன்றான 'பி' முறையால் நிறுவப்பெற்றது.

ஆயினும், நிறுவல் நாம் எழுதிய நிபந்தனைக்கு மட்டுமே பிணை. "கதவு திறந்திருக்கையில் வண்டி நகரலாகாது" என எழுத மறந்தோமாயின், வழுவற்ற நிறுவலும் பயணியைக் காவாது. நிபந்தனையைச் செவ்வனே வகுத்தல் மனிதர் கடன்.