மண்ணுள் உறங்கும் களை
(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



களையைப் பற்றிப் பேசுவதற்குச் சர்வகலாசாலையிலிருந்து ஒருவன் வரவேண்டுமா என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். இங்கே அமர்ந்திருப்போரிற் பலர் கமக்காரர் வீட்டுப் பிள்ளைகள். களை பிடுங்கிக் கை காய்த்தவர்களும் இருக்கிறீர்கள். வயலில் நிற்கும் களையை நீங்கள் நன்றாய் அறிவீர்கள். நான் பேச விரும்புவது இன்னும் முளையாத களையைப் பற்றி. மண்ணுக்குள் கிடக்கும் விதையைக் குறைக்காமல் மேலே நிற்கும் செடியோடு மாத்திரம் போராடுவதனால், வருடந்தோறும் அதே கூலியை அதே வயலுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பது என் எண்ணம்.

அவ்விதைகள் எவ்வளவு காலம் கிடக்கும்? 1879 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிக்கன் நாட்டு விவசாயக் கல்லூரியில் வில்லியம் பீல் என்னும் பேராசிரியர் ஒரு பரிசோதனையைத் தொடங்கினார். 21 வகைச் செடிகளின் விதைகளில் வகைக்கு ஐம்பதாக எடுத்து, ஈர மணலோடு கலந்து, இருபது போத்தல்களில் இட்டு, நீர் தேங்காதபடி வாய் கீழ்நோக்கப் புதைத்து வைத்தார். முதலில் ஐந்து வருடத்துக்கொரு போத்தலும், பின்னர் பத்து வருடத்துக்கொன்றும், இப்பொழுது இருபது வருடத்துக்கொன்றுமாக எடுக்கிறார்கள். பீல் மறைந்து நெடுங்காலமாயிற்று. அவருக்குப்பின் வந்தோர் அதை ஒரு விரதம்போல் நடத்தி வருகின்றனர். 2021 இல் எடுத்த போத்தலிலும், 141 வருடங்கள் கழிந்த பின், ஓர் இனத்து விதைகள் முளைத்தன. அப்போத்தலை அவர்கள் தோண்டியெடுத்தது இரவிலே. வெளிச்சம் பட்டால் விதை விழித்துக்கொள்ளும் என்பதே காரணம்.

இந்தக் கடைசிச் செய்திதான் கமக்காரனுக்குப் பிரயோசனமானது. பல களைகளின் சிறு விதைகளுக்கு ஒரு கணநேர வெளிச்சமே போதும். நாம் உழும்போது அடிமண் புரண்டு ஒளி காண்கிறது. உறங்கிய விதை விழித்து முளைக்கிறது. ஆழ உழுதால் மேலே கிடந்தவை புதைபட்டு உறங்கப் போகின்றன. அடுத்த முறை உழும்போது திரும்ப வருகின்றன. எல்லாம் பீலின் விதைகளைப்போல் நூறு வருடம் உயிர்வாழ்வதில்லை. பல புல்லினங்களின் விதைகள் புதிய விதை விழாவிட்டால் சில வருடங்களிலேயே பெரும்பாலும் அழுகியும் முளைத்தும் ஒழிந்துவிடும். இதிலேதான் நமக்கு வழி பிறக்கிறது.

மருந்து அடித்தால் முடிந்ததுதானே என்று கேட்பீர்கள். 2021 இல் உரமும் கிருமிநாசினியும் களைகொல்லியும் இறக்குமதி செய்வது தடுக்கப்பட்டது. அவ்வருடம் நவம்பரில் தடை தளர்ந்தது. ஆனால் அடுத்த வருடம் விலை ஏறிய ஏற்றம் உங்களுக்குத் தெரியும். மருந்தையே நம்பியிருந்தவன் கையில் அன்று வேறொன்றும் இருக்கவில்லை. தடை வராவிட்டாலும் மருந்து என்றைக்கும் வேலை செய்யும் என்பதற்கு உறுதியில்லை. நெல்லைப்போலவே இளமையில் தோன்றும் நெற்சப்பிப் புல்லில், புரோப்பனில் என்னும் களைகொல்லிக்கு மசியாத வகை இலங்கையிலேயே கண்டறியப்பட்டிருக்கிறது. களைநெல்லின் தொல்லையோ இன்னும் பெரிது. அதுவும் நெல்லினமே ஆதலால், நெல்லைக் கொல்லாமல் அதை மாத்திரம் கொல்லும் மருந்து சாதாரண நெல் வயலில் இல்லை.

மண்ணில் விதை சேர்வதை ஒரு கடையின் கணக்காக எண்ணிப் பாருங்கள். வரவை நிறுத்த வேண்டும். செலவைக் கூட்ட வேண்டும்.

வரவைப் பற்றி முதலிற் சொல்கிறேன். நான் மிஷன் பாடசாலையிற் படித்தவன். அங்கே வேதபாட வகுப்பில், கோதுமை வயலில் பகைவன் களை விதைத்த உவமையைக் கேட்டிருக்கிறேன். பிடுங்கினால் கோதுமையும் சேர்ந்து வந்துவிடும், அறுவடை வரை விட்டுவிட்டு, முதலிற் களைகளைக் கட்டுக்கட்டாகக் கட்டி எரியுங்கள் என்று வீட்டுக்காரன் சொல்கிறான். சமயப் பொருள் எதுவாயினும், விவசாயப் பொருள் மிக நுட்பமானது: விதை நிலத்தில் விழுமுன் வயலைவிட்டு அகற்றிவிடு என்பது. அந்தக் களை லோலியம் என்னும் இனத்துப் புல் என்பது அறிஞர் கருத்து. அதே இனத்தின் மற்றொரு புல்தான் மேற்கு அவுஸ்திரேலியாவின் கோதுமை வயல்களில் மருந்துக்கு மசியாமல் நின்றது. அங்கே ரே ஹரிங்டன் என்னும் ஒரு கமக்காரர், நிலக்கரி நொறுக்கும் பொறியைப் பார்த்து, அறுவடை இயந்திரத்தின் பின்னால் வரும் பதரை அரைத்து அதிலுள்ள களை விதையை மாய்க்கும் பொறியொன்றை உருவாக்கினார். அந்தப் புல் தன் விதையிற் பெரும்பகுதியை அறுவடை வரை கதிரிலேயே வைத்திருப்பதனால் அம்முறை அங்கே பலித்தது.

நமக்கு அது அப்படியே பொருந்தாது. நெற்சப்பியும் களைநெல்லும் நெல் அரிவு வெட்டுமுன்னரே விதையை உதிர்த்துவிடும். ஆகவே கதிர் முற்றுமுன் வயலில் இறங்கி அவற்றை அறுத்தெறிய வேண்டும். “இனிப் பிடுங்கி என்ன பயன், விளைச்சல் குறைந்தது குறைந்ததுதான்” என்று அந்த நேரத்தில் விட்டுவிடுவது வழக்கம். இவ்வருட விளைச்சலுக்குப் பயனில்லை என்பது மெய். அடுத்த வருடத்துக் களையை நிறுத்துவது அந்த ஒரு நாள் வேலைதான். இன்னொரு வரவு, வாடகைக்கு வரும் அறுவடை இயந்திரம். முந்திய ஊர் வயலின் களைநெல் அதன் வயிற்றிலே வந்து நம் வயலில் இறங்குகிறது. வரம்பில் ஏறுமுன் அதைத் துப்புரவு செய்யச் சொன்னால் சாரதி முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். விதைநெல்லைச் சுத்தமானதாய் வாங்கவேண்டும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

இனிச் செலவு. முதல் நீரிலோ மழையிலோ நிலத்தை நனைத்து, விதையாமல் இரண்டு வாரம் பொறுத்திருந்தால், மேல்மண்ணிலுள்ள களை விதைகளில் ஒரு பெரும் பங்கு ஏமாந்து முளைத்துவிடும். அவற்றை மேலோட்டமாகக் கிளறி அழித்து, மறுபடி ஆழ உழாமல் நெல்லை விதைக்க வேண்டும். ஆழ உழுதால் புதிய விதைகள் மேலே வந்து, பொறுத்திருந்தது வீணாகும். இதற்கு மருந்தும் வேண்டாம், கூலியும் அதிகமில்லை. பொறுமை வேண்டும், நீரும் வேண்டும். மானாவாரிக் கமக்காரனிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. மழைக்கு முன் புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்ப்பவன் இரண்டு வாரத்தை இழக்கத் துணியமாட்டான். ஆனால் குளத்து நீரில் விதைப்போரின் நிலை வேறு. நீர் திறக்கும் நாளும் விதைக்கும் நாளும் போகத்துக்கு முந்திய பயிர்ச்செய்கைக் கூட்டத்திலே தீர்மானமாகின்றன. ஒருவன் தனியே இரண்டு வாரம் பிந்தினால் கடைசியில் அவன் பயிருக்கு நீர் போதாது. எல்லோரும் சேர்ந்து தீர்மானித்தால் ஒருவருக்கும் நட்டமில்லை. அக்கூட்டங்களுக்கு நம் தகப்பன்மார் மாத்திரம் போகிறார்கள். நம்மிற் சிலரும் போய் இதை ஒரு விடயமாக எடுத்துப் பேசினால் என்ன?

நெல் முளைத்து நிமிர்ந்த பின் ஆழமற்ற நீரைத் தொடர்ந்து கட்டி வைத்தால் நெற்சப்பியின் விதை முளைப்பது வெகுவாகக் குறையும். வளர்ந்த செடியை நீர் ஒன்றும் செய்யாது. நிலம் மேடும் பள்ளமுமாய் இருந்தால் மேட்டிலே களை சிரிக்கும். ஆதலால் மட்டப்படுத்துவதும் களை எடுப்பதே. கோரைக்கு இவை போதா. அது விதையைக் காட்டிலும் கிழங்கினாற் பெருகுவது. கோடையில் உழுது கிழங்கை வெயிலில் உலரவிட வேண்டும். ஒரு பலப் புழுதி காற்பலம் ஆகும்வரை உலர்த்தவேண்டுமென்று வள்ளுவர் சொன்னது எருவை நினைத்தாயினும், கோரைக்கும் அது மருந்தாகிறது.

எறும்பையும் மறக்கக்கூடாது. நிலத்தின்மேல் கிடக்கும் களை விதையை எறும்பும் பறவையும் எலியும் நாள்தோறும் தின்கின்றன. விதை மண்ணுக்குள் போய்விட்டால் அவற்றுக்கு எட்டாது. அறுவடை முடிந்த கையோடு உழாமல் சில வாரம் நிலத்தை அப்படியே விட்டால், சம்பளமில்லாத இந்த வேலைக்காரர் தம் பங்கைச் செய்துகொள்வர். வரம்புகளை நெருப்பிட்டுச் சுட்டெடுப்பது அவர்களுடைய வீட்டைச் சுடுவதாகும்.

இவற்றில் எது உங்கள் வயலுக்கு ஏற்றது என்பதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது. அதற்கு உங்கள் மண்ணில் என்ன கிடக்கிறது என்று தெரியவேண்டும். வருகிற காலபோகத்துக்கு முன், வயலில் பத்து இடங்களில் நான்கு விரல் ஆழத்துக்கு மண் எடுத்துக் கலந்து, அகன்ற தட்டொன்றில் மெல்லியதாகப் பரப்பி, நிழலான வெளிச்சத்தில் வைத்து, காயாமல் நீர் தெளித்து வாருங்கள். முளைப்பதை இனம் பிரித்து எண்ணிப் பிடுங்கி, மண்ணைக் கிளறிவிட்டு இன்னுமொரு முறை எண்ணுங்கள். சங்கத்தில் ஐந்தாறு பேர் செய்து கொண்டுவந்தால், அடுத்த கூட்டத்தில் அந்தத் தட்டுகளை மேசைமேல் வைத்துக்கொண்டு பேசலாம்.