இருளுக்கு முன் ஓர் ஒத்திகை

(ரொறன்ரோவில் தமிழ்ப் பெற்றோரும் இளையோரும் கலந்துகொண்ட ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2003 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 14 ஆம் நாள், வியாழக்கிழமை. மாலை 4 மணி கடந்து 10 நிமிடம். இங்கு அமர்ந்திருக்கும் பெற்றோரிற் பலருக்கு அந்த மாலை இன்றும் நினைவில் இருக்கும். சுரங்கத் தொடருந்துகள் நின்றன. அடுக்குமாடிகளின் மின்தூக்கிகள் நின்றன. சந்திகளில் விளக்குகள் அணைந்தன. யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தலுக்குள் சிறிது மண்ணெண்ணெய் விட்டுத் திரி கொளுத்திப் படித்தவர்களுக்கு இருள் புதியதன்று. எனினும் இந்த நாட்டில், இப்படியொரு மாநகரில், அது நேரும் என்று நம்மில் எவரும் எண்ணியிருக்கவில்லை.

ஒன்ராறியோவிலும் அமெரிக்காவின் எட்டு மாநிலங்களிலுமாக ஏறத்தாழ 5 கோடி மக்கள் அன்று மின்சாரத்தை இழந்தனர். இழக்கப்பட்ட மின்தேவை ஏறத்தாழ 61,800 மெகாவாற்று. புயல் வீசவில்லை, நிலம் நடுங்கவில்லை, எவரும் குண்டு வைக்கவுமில்லை. ஒகாயோ மாநிலத்தில், வெட்டப்படாது வளர்ந்திருந்த சில மரங்களை மின்கம்பிகள் தொட்டன. அவ்வளவே தொடக்கம்.

சில மரங்கள் 5 கோடி மக்களை இருளில் ஆழ்த்தக்கூடுமானால், அதனை முன்கூட்டியே அறிய வழி இல்லையா? உண்டு. அந்த வழியைப் பற்றியே இன்று பேச விழைகிறேன். மின்வலையைக் கணினிக்குள் கட்டி, அங்கே அதனை உடைத்துப் பார்த்து, உண்மையில் உடையாதவாறு திட்டமிடும் கலை அது. நாடகம் மேடையேறுமுன் ஒத்திகை பார்க்கிறோம். ஒத்திகையில் வசனம் தவறினால் எவருக்கும் நட்டமில்லை. மின்வலைக்கும் அத்தகைய ஒத்திகை வேண்டும்.

மின்வலையின் இயல்பு

தண்ணீரைத் தொட்டியில் நிரப்பி வைக்கலாம். நெல்லைக் களஞ்சியத்தில் சேர்க்கலாம். மின்கம்பியில் மின்சாரத்தைச் சேர்த்து வைக்க இயலாது. எந்தக் கணத்தில் எவ்வளவு தேவையோ, அந்தக் கணத்தில் அவ்வளவும் வழங்கப்பட வேண்டும். மேலும், வலையில் அது இன்ன வழியாகத்தான் செல்லவேண்டும் என்று நாம் கட்டளையிட முடியாது. இயற்பியல் விதிப்படி எல்லா வழிகளிலும் பகிர்ந்து ஓடும். ஒரு கம்பி அறுந்தால், அதில் ஓடிய மின்சாரம் அந்தக் கணமே ஏனைய கம்பிகளின் மீது சுமையாக விழும். சுமை கூடிய கம்பி சூடேறும். சூடேறிய கம்பி நீளும். நீண்ட கம்பி தாழ்ந்து தொங்கும். தாழ்ந்த கம்பியின் கீழ் மரம் நின்றால் அடுத்த துண்டிப்பு நிகழும்.

இதனாலேயே பொறியியலாளர் ஒரு விதியை வகுத்தனர். வலையின் எந்த ஓர் உறுப்பு திடீரெனச் செயலிழந்தாலும் எஞ்சியவை தாங்கி நிற்க வேண்டும். கேட்பதற்கு எளிய விதி. ஆனால் 1,000 உறுப்புகள் உள்ள வலையில் ஒவ்வொன்றாக இழந்து பார்க்க 1,000 கணக்குகள் வேண்டும். இரண்டிரண்டாக இழந்து பார்க்க வேண்டுமாயின் 4,99,500 கணக்குகள். அதுவும் ஒரு நாளின் ஒரு மணி நேரத்திற்கு மட்டும்.

அறையிலிருந்து கணினிக்கு

கணினி வருமுன்னர் இதனை எவ்வாறு செய்தனர்? 1929 இல் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஓர் அறையை நிறைக்கும் சிறு மின்வலை அமைக்கப்பட்டது. உண்மையான வலையின் ஒவ்வொரு கம்பிக்கும் ஈடாக அதில் சிறு மின்னுறுப்புகள் பொருத்தப்பட்டன. பொறியியலாளர் திருகிகளைத் திருகி, அளவுமானிகளை வாசித்து, பெருவலையில் என்ன நிகழும் என்று கணித்தனர். 1956 இல் வோர்ட், ஹேல் என்னும் இருவர் இக்கணக்கை இலக்கமுறைக் கணினியிற் செய்யும் வழியை வெளியிட்டனர். 1967 இல் ரின்னி, ஹார்ட் ஆகியோர், நியூட்டனின் பழைய கணித முறையைப் பெரிய வலைகளுக்கும் விரைவாகப் பயன்படுத்தலாம் என்று காட்டினர். இன்றைய மின்வலை மென்பொருள்களுள் பெரும்பாலானவற்றின் அடித்தளம் அதுவே.

பாடசாலையில், "இந்தச் சமன்பாடுகள் எதற்கு?" என்று கேட்கும் பிள்ளைகளுக்கு ஒரு விடை இதில் இருக்கிறது. ஒரு மாநகரம் இன்றிரவு வெளிச்சத்தில் இருக்குமா என்பதை அந்தச் சமன்பாடுகளே சொல்கின்றன.

2003 இல் தவறியது எது?

அவ்வாறெனில், 2003 இல் மாதிரிகளும் மென்பொருள்களும் இல்லாமலா இருந்தன? இருந்தன. ஆயினும் அவை இருந்தும் பயன்படவில்லை. அமெரிக்க, கனடிய அரசுகளின் கூட்டுக் குழு 2004 ஏப்பிரலில் வெளியிட்ட இறுதி அறிக்கை இதனை விரிவாகக் கூறுகிறது.

இந்தியானா மாநிலத்தில் இருந்த வட்டாரக் கட்டுப்பாட்டு நிலையத்தில், வலையின் நிலையை ஐந்து நிமிடங்களுக்கு ஒருமுறை தானாகக் கணிக்கும் மென்பொருள் ஒன்று இருந்தது. அன்று நண்பகலில், ஒரு கம்பி துண்டிக்கப்பட்ட செய்தி அதற்குச் சேரவில்லை. கணக்கு ஒத்துவரவில்லை. பணியாளர் ஒருவர் தானியங்கு முறையை நிறுத்தி, பிழையைக் கண்டு திருத்தினார். ஆனால் மீண்டும் அதனை இயக்க மறந்து மதிய உணவுக்குச் சென்றார். மறதி கண்டுபிடிக்கப்பட்டபோது இன்னொரு கம்பியும் துண்டிக்கப்பட்டிருந்தது. அதனையும் மென்பொருள் அறியாததால் கணக்கு மறுபடியும் பிழைத்தது. மாலை 4 மணியளவில் அது சீரானபோது காலம் கடந்துவிட்டது. இதற்கிடையே ஒகாயோ மின்நிறுவனத்தின் எச்சரிக்கை மென்பொருளும் பிற்பகல் 2 மணி 14 நிமிடத்தில் செயலிழந்திருந்தது. 3 மணி 5, 3 மணி 32, 3 மணி 41 ஆகிய நேரங்களில் மூன்று பெருங்கம்பிகள் அடுத்தடுத்து மரங்களில் பட்டுத் துண்டித்தன. அம்மூன்றும் தமக்கு அனுமதிக்கப்பட்ட சுமைக்குள்ளேயே இருந்தன.

பின்னர் அந்த நாளைக் கணினியில் மீண்டும் இயக்கிப் பார்த்தனர். கிளீவ்லாந்து, அக்ரன் பகுதியில் உரிய நேரத்தில் ஏறத்தாழ 1,500 மெகாவாற்று மின்தேவையை வேண்டுமென்றே துண்டித்திருந்தால், இந்தப் பேரிருளைத் தவிர்த்திருக்கக்கூடும் என்று தெரிந்தது. 61,800 எங்கே, 1,500 எங்கே! அந்நிறுவனம் நீண்டகாலத் திட்ட ஆய்வுகளைப் போதிய கண்டிப்புடன் செய்யவில்லை என்பதும் அறிக்கையின் முடிவுகளுள் ஒன்று. விபத்துக்குப் பின் செய்யப்பட்ட அந்தக் கணக்கை விபத்துக்கு முன் செய்திருக்கலாம். 2005 இல் அமெரிக்கா இயற்றிய சட்டம், அதுவரை விருப்பத்தின்பாற்பட்டிருந்த நம்பகத்தன்மை விதிகளைக் கட்டாயமாக்க வழிசெய்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகல்

இனி நம் ஊரின் பக்கம் வருவோம். போர்க்காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாடு பல ஆண்டுகள் தேசிய மின்வலையிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்தது. போருக்குப் பின் மீண்டும் இணைக்கப்பட்டது. இணைப்பு நன்மையைத் தரும். ஆனால் வலையின் குறைகளிலும் அது நம்மைப் பங்காளியாக்கும். 2025 பெப்ரவரி 9 ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, நண்பகலை அண்மித்த வேளையில் இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று மின்மாற்றியில் பட்டதே தொடக்கம் என்று அமைச்சர் கூறினார். உலகம் சிரித்தது. பொறியியலாளர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஒரு குரங்கினால் ஏற்பட்ட பழுதை ஒரு நாட்டின் வலை ஏன் தாங்கவில்லை?

விடை அந்த நேரத்தில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் மின்தேவை குறைவு, வெயில் மிகுதி. கூரைகளிலிருந்து வரும் சூரிய மின்சாரம் தேவையின் பெரும் பங்கை நிறைவுசெய்தது. ஆதலால் நீராலும் நிலக்கரியாலும் சுழலும் கனத்த மின்னாக்கிகள் குறைவாகவே ஓடிக்கொண்டிருந்தன. பாரமேற்றிய மாட்டுவண்டி ஒரு கல்லில் ஏறினாலும் சற்றுக் குலுங்கித் தன் வேகத்தில் செல்லும். வெறும் வண்டியோ துள்ளிக் குடைசாயும். சுழலும் கனம் குறைந்த மின்வலை அத்தகையது. அன்று நுரைச்சோலை அனல்மின் நிலையமும் நின்றுபோனது. அதனை உடனே மீளத் தொடக்க இயலாததால் அடுத்த நாட்களிலும் மின்வெட்டு நேர்ந்தது.

இதிலுள்ள பாடம் சூரிய மின்சாரம் தீயது என்பதன்று. இலங்கையில் மின்தேவை இரவு உணவு வேளையில் உச்சம் அடையும். அந்த உச்சத்தை மட்டும் ஆராயும் மாதிரி, ஞாயிறு நண்பகலின் ஆபத்தை ஒருபோதும் காட்டாது. ஆபத்தான மணி இடம் மாறிவிட்டால், ஒத்திகையும் அந்த மணிக்கு மாற வேண்டும்.

மூன்று தீவுகள்

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளுக்கும் இந்திய அரசின் நன்கொடையுடன் கலப்பு மின்திட்டம் அமைக்க 2024 மார்ச் மாதத்தில் ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. மூன்றுக்கும் சேர்த்து சூரிய மின்சாரம் 1,700 கிலோவாற்று. காற்று மின்சாரம் 530 கிலோவாற்று. மின்கலச் சேமிப்பு 2,400 கிலோவாற்று மணி. துணைக்கு டீசல் மின்னாக்கிகள் 2,500 கிலோவாற்று.

இளையோரே, இந்த எண்களை ஒரு கணக்காகப் பாருங்கள். 2,400 கிலோவாற்று மணி என்பது 200 கிலோவாற்றுத் தேவையை 12 மணி நேரத்திற்குத் தாங்கும். 400 கிலோவாற்று எனில் 6 மணி நேரத்திற்கு. தேவை எவ்வளவு என்பது தெரியாமல் சேமிப்புப் போதுமா என்று சொல்ல இயலாது. ஆகவே ஓர் ஆண்டின் 8,760 மணிகளுக்கும் வெயில், காற்று, தேவை மூன்றையும் வரிசையாக எழுதிக் கணினியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். சோளகம் வீசும் மாதங்களில் காற்றாடி சுழலும். பருவக்காற்று ஓய்ந்த இடைக்காலத்தில்? மார்கழி மழை முகில் நாட்கணக்கில் மூடியிருக்கும்போது? நயினை நாகபூசணி அம்மன் திருவிழாவுக்கு அடியார்கள் படகுகளில் வந்து நிறையும் நாட்களில்? ஆண்டுச் சராசரியை மட்டும் எடுத்துக்கொள்ளும் கணக்கில் திருவிழா மறைந்துபோகும். கணிதம் அறிந்தவர் எங்கிருந்தும் மாதிரியைக் கட்டலாம். அதற்குள் எந்த நாட்களை இடவேண்டும் என்பதைத் தீவில் வாழ்ந்தவரே அறிவர்.

நாம் கேட்க வேண்டியவை

மாதிரி என்பது ஒரு கண்ணாடி. அதில் நாம் வைத்தவையே தெரியும். நாம் விட்டவை, விபத்தின்போதுதான் தெரியும். ஆதலால் நம் ஊருக்காகவோ இந்த நாட்டிலோ ஒரு மின்திட்டம் முன்வைக்கப்படும்போது, "எவ்வளவு செலவு? எப்போது முடியும்?" என்பவற்றோடு மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேளுங்கள்.

முதலாவது, இந்தக் கணக்கில் உள்ள தரவுகள் எந்த ஆண்டுக்குரியவை, எங்கே அளக்கப்பட்டவை?

இரண்டாவது, எந்தெந்த மோசமான நாட்களை ஒத்திகை பார்த்தீர்கள்?

மூன்றாவது, பற்றாக்குறை நேர்ந்தால் யாருடைய மின்சாரம் முதலில் நிறுத்தப்படும்? இம்மூன்றாவது மிக முக்கியமானது. 1,500 மெகாவாற்றைத் துண்டித்திருக்கலாம் என்று எளிதாகச் சொல்கிறோம். அது சில இலட்சம் பேரின் வீடு. அந்த வரிசையைக் கணினி தானாக வகுப்பதில்லை. மனிதர் எழுதி வைக்கின்றனர். எழுதும் மேசையில் நம்மவர் எவரும் இல்லையெனில், நம் மருத்துவமனையின் முக்கியத்துவத்தை எடுத்துச் சொல்ல அங்கே ஆள் இருக்காது.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பொறியியல் என்றால் மென்பொருள் நிறுவனம் மட்டுமே என்று எண்ணிவிடாதீர்கள். மின்வலைத் திட்டமிடல் வெளியிற் புகழ் பெறாத தொழில். அது நன்றாக நடந்தால் எதுவுமே நிகழாது. எனினும் மருத்துவர் ஓர் உயிரைக் காப்பது போல, அது ஒரு நகரத்தைக் காக்கிறது. இளையோரே, தொடங்குவதற்குப் பெரும் ஆய்வுகூடம் தேவையில்லை. கோர்னெல் பல்கலைக்கழகத்தில் உருவான மாட்பவர் போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. வீட்டு மேசையில் அமர்ந்து ஒரு சிறு வலையைக் கட்டுங்கள். ஒரு கம்பியை அறுத்துப் பாருங்கள். விளக்கு ஏன் அணைந்தது என்று கண்டறியுங்கள்.

பின்னர் உங்கள் தாத்தா பாட்டியிடம் சென்று, சோளகம் எந்த மாதத்தில் வீசும் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதையும் அந்தக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

இருளில் வாழ்ந்து பழகிய தலைமுறை நாங்கள். இருள் வருமுன் அதனைக் கணித்துத் தடுக்கும் தலைமுறையாக நீங்கள் வளர வேண்டும்.