பழைய டிராக்டருக்கு மாற்று பிரேக் டிரம்



நான் உழவியல் கற்பிப்பவன். ஆனால் பயிற்சிக்கு வரும் உங்களில் பலர் விதையைவிட டிராக்டரைப் பற்றியே அதிகம் கேட்கிறீர்கள்!

1960களில் சென்னையில் தயாரான மாசி பெர்குசன் 35 டிராக்டரின் பின் அச்சில் இருப்பது 14 அங்குல டிரம் பிரேக். டிரம் தேய்ந்துவிட்டால், கடையில் அளவை மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்த விவசாயி ஒருவர் அப்படித்தான் வாங்கி வந்தார். விட்டம் சரியாக இருந்தது; ஆழம் பொருந்தவில்லை. உழவு நேரத்தில் நான்கு நாள் வண்டி நின்றது. ஆகவே பழைய டிரம்மையும் ஷூவையும் கழற்றிக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். உள்விட்டம், ஆழம், நடுத்துளை, போல்ட் துளைகளின் இடைவெளி ஆகியவற்றைப் புதியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

புதியது கிடைக்காவிட்டால், பழைய டிரம்மைப் பட்டறையில் லேசாகக் கடைந்து, ஷூவுக்குப் புது லைனிங் போடலாம். அதிகம் கடைந்தால் சுவர் மெலிந்துவிடும். விரிசல் விட்ட டிரம்மை வெல்டிங் வைத்து ஓட்டவே கூடாது.

டிரம்முக்குள் எண்ணெய் கசிந்திருந்தால் முதலில் அச்சின் ஆயில் சீலை மாற்றுங்கள். இல்லையேல் புது லைனிங்கும் வீண். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கக்கூடும். தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

வயலில் திரும்பும்போது ஒற்றை மிதியை மிதிப்பதால் ஒரு பக்கம் கூடுதலாகத் தேயும். எனினும் இரு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். பிறகு இரண்டு மிதிகளையும் இணைத்துப் பூட்டி, டிரெய்லர் இல்லாமல் மெதுவாக ஓட்டிப் பிரேக் போட்டுப் பாருங்கள். வண்டி ஒரு பக்கம் இழுத்தால், அதைச் சரிசெய்யும்வரை கரும்பு ஏற்றிச் சாலைக்குப் போக வேண்டாம்.