ஒரு செம்பனையும் பல சாஸ்திரங்களும்

பண்டார் தெங்காராவில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவு



கல்வியின்பால் நாட்டங்கொண்டு வாழ்ந்து மறைந்த ஒரு பெரியவரின் நினைவாக நிறுவப்பெற்ற இந்த அறக்கட்டளையின் சார்பில் உங்கள்முன் பேசுகிறேன். விஞ்ஞானத்தின் பல துறைகளிலும் நிகழ்ந்துவரும் ஆராய்ச்சி முன்னேற்றங்களைப் பற்றிப் பேசுமாறு அறங்காவலர்கள் பணித்தார்கள். அணுவையும் அண்டத்தையும் மேலெழுந்தவாரியாகத் தொட்டுவிட்டுப் போவதைக் காட்டிலும், இவ்வூரின் நாற்புறமும் கண்ணுக்கெட்டிய தூரம்வரை நிரை நிரையாக நிற்கும் செம்பனையை எடுத்துக்கொண்டு, அந்த ஒரு மரத்தின் பொருட்டு எத்தனை சாஸ்திரங்கள் கூடி உழைத்திருக்கின்றன என்பதை விரித்துரைப்பதே நமக்குப் பிரயோஜனமாகும் என்று கருதினேன். நான் நிலைநாட்ட விரும்பும் கருத்து ஒன்றே: ஒரு துறை கண்ட விடை மற்றொரு துறைக்கு வினாவாகிறது, அவ்வினாவை ஏற்க ஆள் இல்லையேல், முதலில் கண்ட விடையின் பயனும் அரைகுறையாகவே நின்றுபோகிறது.

1. மரம் வந்த வரலாறு

மேற்கு ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட செம்பனை, 1848ஆம் ஆண்டில் நான்கே கன்றுகளாக ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்தை அடைந்தது. அவற்றின் சந்ததி அழகுக்காகவும் நிழலுக்காகவும் வளர்க்கப்பட்டுவந்த காலத்துக்குப் பின்னர், 1917இல் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் அதனை நம் மலேசிய நாட்டில் முதன்முதலாக வாணிபப் பயிராக நட்டார். ஆயினும், பல்லாண்டுகள் வரை நம் மூதாதையர்க்குச் சோறு போட்டது ரப்பர் தரும் பால்மரமே. செயற்கை ரப்பர் சந்தையை நெருக்கிய நாளில், இயற்கை ரப்பரைக் கண்ணால் பார்த்துத் தரம் பிரிக்கும் பழைய முறையை மாற்றி, அழுக்கின் அளவு முதலியவற்றை ஆய்வுகூடத்தில் சோதித்துத் தரம் குறிக்கும் திட்டம் 1965இல் வகுக்கப்பட்டது. ரப்பர்த் தொழிலின் அப்புத்துயிர்ப்பில் முன்னின்றவர் பி. சி. சேகர். ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த அவர், ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராக அமர்ந்த முதல் ஆசியராகி, 1973இல் மகசேசே விருதும் பெற்றார். தோட்டத்து மண் விஞ்ஞானிகளை ஈன்றதில்லை என்று எவரேனும் சொன்னால் அதற்கு இவ்வொருவர் வாழ்க்கையே தக்க மறுமொழி.

மீண்டும் செம்பனைக்கு வருவோம்: 1956இல் அமைந்த பெல்டா நிறுவனத்தின் நிலக்குடியேற்றங்களும், 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி அமைந்த ஜொகூர் தெங்காரா அபிவிருத்திக் கழகமும் இப்பகுதியின் காடுகளைத் திருத்திச் செம்பனையைப் பரப்பின. அக்கழகம் உருவாக்கிய ஊர்களுள் ஒன்றே நாம் கூடியிருக்கும் பண்டார் தெங்காரா. இவ்வூரின் ஜீவாதாரமே ஓர் ஆராய்ச்சிப் பயிர் என்பதை நாம் மறத்தலாகாது.

2. வண்டு செய்த உபகாரம்

செம்பனையில் ஆண்பாளை வேறு, பெண்பாளை வேறு; ஒரே மரம் சில காலம் ஆண்பாளைகளையும் சில காலம் பெண்பாளைகளையும் மாறி மாறி விடுகிறது. மகரந்தத்தைக் காற்றே கொண்டுசேர்க்கிறது என்று நிபுணர்கள் நெடுங்காலம் நம்பினர். ஆனால் மலேசியத் தோட்டங்களில், அதிலும் இளமரங்களில், காய் சரியாகப் பிடிக்கவில்லை. ஆகவே மகரந்தத்தைச் சேகரித்து, உலர்த்தி, முகப்பவுடர் போன்ற வெண்தூளுடன் கலந்து, விரிந்திருக்கும் பெண்பாளைகளைத் தேடித் தேடி ஊதுகுழலால் தூவும் வேலை ஒன்று ஏற்பட்டது. அவ்வேலையைப் பெரும்பாலும் செய்தவர்கள் பெண்கள். முள்மட்டைகளுக்கிடையே கையை நுழைத்து, மழையிலும் வெயிலிலும் ஒவ்வொரு மரமாகப் பார்த்து நடந்த அத்தாய்மார்களின் உழைப்பை எந்த ஆராய்ச்சி நூலின் முன்னுரையும் போற்றியதாக நான் கண்டதில்லை. இன்றாவது இச்சபையில் போற்றுவோமாக.

யூனிலீவர் தோட்டங்களில் உத்தியோகம் பார்த்த லெஸ்லி டேவிட்சன் என்பவர், கேமரூன் நாட்டில் யாரும் தூவாமலேயே குலைகள் நிறையக் காய்ப்பதையும், அங்குள்ள பாளைகளில் சிறு வண்டுகள் மொய்ப்பதையும் கண்டு, காற்றைப் பற்றிய கொள்கையில் ஐயங்கொண்டார். அந்த ஐயத்தைச் சோதிக்கும் பொறுப்பு ரஹ்மான் சையத் என்ற பாகிஸ்தானியப் பூச்சியியல் அறிஞரிடம் வந்தது. அவர் 1970களின் பிற்பகுதியில் கேமரூனுக்குச் சென்று, காற்று நுழையவும் பூச்சி நுழையாதிருக்கவும் ஏற்றவாறு பெண்பாளைகளை மூடிவைத்துப் பார்த்தார். பூச்சி தடுக்கப்பட்ட பாளைகளில் காய்ப்பு குன்றியது, உண்மை பிரத்தியட்சமாயிற்று.

அந்த வண்டின் வாழ்க்கையை அருகிருந்து பார்ப்பது ஆச்சரியந் தருவது. உழுந்தைக் காட்டிலும் சிறிய அந்தக் கூன்வண்டு, ஆண்பாளை பூத்துச் சோம்பு மணம் வீசும்போது அங்கு வந்து உண்டு, முட்டையிட்டு, இனம் பெருக்குகிறது. புழுக்கள் மகரந்தம் உதிர்ந்து முடிந்த ஆண்பூக்களையே தின்கின்றனவாதலால் மரத்துக்குச் சேதமில்லை. பெண்பாளையும் விரியுங்காலத்தில் இடையிடையே அதே மணத்தை வீசுகிறது. அம்மணத்தை நம்பி, உடலெங்கும் மகரந்தம் அப்பிய கோலத்தில் பெண்பாளைக்குச் செல்லும் வண்டு, தனக்கு அங்கே உணவில்லை என்று கண்டு திரும்புமுன், செய்யவேண்டிய காரியத்தைச் செய்து முடித்துவிடுகிறது.

அந்நிய உயிரை ஒரு நாட்டுக்குள் விடுவது விளையாட்டன்று. ஆகவே அது வேறு பயிர்களைத் தாக்காதென்பதைத் தனிமைக் காப்பில் வைத்துப் பரிசோதித்து, அரசாங்கத்தின் அனுமதியும் பெற்ற பின்னரே, 1981 பிப்ரவரியில் வண்டுகள் திறந்துவிடப்பட்டன. அது நிகழ்ந்த இடம் வேறெங்குமில்லை. நம் ஜொகூர் மாநிலத்தின் குளுவாங்கிலுள்ள பாமோல் தோட்டமே. விரைவில் அவை தீபகற்பமெங்கும் பரவின, கையால் தூவும் வேலை மறைந்தது, குலைகள் கனத்தன.

3. ஆலையும் ஆறும்

இங்கேதான் என் கருத்துக்கு முதற்சான்று கிடைக்கிறது. காய் நெருங்கிப் பிடித்த குலைகள் இறுகியிருந்தமையால் ஆலைகளில் பழத்தைக் குலையினின்று பிரித்தெடுப்பது கடினமாயிற்று. கொட்டை மிகுதியாகக் குவிந்தமையால் அதனை உடைத்துப் பருப்பைப் பிரிக்கும் இயந்திரங்களின் கொள்ளளவு போதவில்லை. பூச்சியியல் அறிஞர் தந்த விடை இயந்திரப் பொறியாளருக்கு வினாவாயிற்று.

ஆலையின் சிக்கல் அத்துடன் முடியவில்லை. பழம் அடிபட்டவுடனே அதனுள்ளிருக்கும் ஒரு நொதி எண்ணெயைச் சிதைத்துப் புளிப்பேற்றத் தொடங்கிவிடுகிறது. வெட்டிய குலையைக் காலந்தாழ்த்தாமல் ஆலைக்குக் கொண்டுபோகவேண்டும் என்று தோட்டத்தில் அவசரப்படுத்துவதன் காரணம் இதுவே. ஆலையில் குலைகளை நீராவியில் வேகவைப்பது அந்நொதியை அழிப்பதற்கும் பழங்களைத் தளர்த்துவதற்குமாம். அவ்வாறு வேகவைத்துப் பிழிந்தபின் மிஞ்சும் கழிவுநீரோ, ஒரு லிட்டரில் ஏறக்குறைய 25,000 மில்லிகிராம் ஆக்சிஜனை விழுங்கவல்லது. அதை அப்படியே ஆற்றில் விட்டால் மீனுக்கு மூச்சு ஏது? 1977ஆம் ஆண்டில் பிறந்த விதிகள், ஆறுகளில் விடும் கழிவுநீருக்கு இந்த ஆக்சிஜன் அளவு 1978இல் 5,000 மில்லிகிராம் ஆகவும், படிப்படியாகக் குறைந்து 1984இல் 100 ஆகவும் இருக்கவேண்டுமென வரையறுத்தன. நுண்ணுயிர்களைக் கொண்டு குளங்களில் கழிவைச் செரிக்கவைக்கும் முறையை உயிர்வேதியியலாரும் பொறியாளரும் சேர்ந்து செம்மைப்படுத்தினர். அக்குளங்களில் எழும் மீத்தேன் வாயுவைப் பிடித்து மின்சாரம் ஆக்கும் முயற்சியும் தொடர்ந்தது.

இது நமக்கு நேரே சம்பந்தமுடைய விஷயம். சாயோங் ஆறும் லிங்கியூ ஆறும் இப்பகுதியில் கூடியே ஜொகூர் ஆறாகின்றன. லிங்கியூ நீர்த்தேக்கமும் அந்த ஆற்றுக்கே நீரளிக்கிறது. 1962ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி சிங்கப்பூர் நாளொன்றுக்கு 25 கோடி காலன்வரை நீர் எடுப்பதும் அதே ஆற்றினின்றுதான். மேலே வாழும் நம் கையில் கீழே வாழும் இலட்சக்கணக்கானோரின் குடிநீர் இருக்கிறதென்பதை உணர்வோமாயின், கழிவுநீர் ஆராய்ச்சியை எண்ணெய் ஆராய்ச்சியினும் தாழ்ந்ததென்று ஒருபோதும் எண்ணமாட்டோம்.

4. ஓட்டின் இரகசியம்

இனி மரபியலுக்கு வருவோம். செம்பனைப் பழத்துள், பருப்பைச் சுற்றித் தடித்த ஓடுடையது ஒரு வகை. ஓடே இல்லாதது மற்றொன்று. இரண்டையும் கலந்து பெறும் மெல்லோட்டு வகையே எண்ணெய் மிகுந்தது. இம்மூன்றும் ஒரே ஜீனின் விளைவென்பதைப் பெல்ஜியக் காங்கோவின் யாங்காம்பி நிலையத்தில் பெயர்னார்ட், வாண்டர்வெயன் என்ற இருவர் 1941இல் வெளியிட்டனர். தடித்த ஓட்டு வகையைக் காட்டிலும் மெல்லோட்டு வகை ஏறக்குறைய 30 விழுக்காடு மிகுதியாக எண்ணெய் தருமென்பதால் உலகமே அதை நடத் தொடங்கிற்று. ஆயினும் கலப்புத் தவறிய கன்றை நாற்றங்காலில் கண்டுபிடிக்க வழியில்லை. ஆண்டுகள் சில காத்திருந்து பழத்தை வெட்டிப் பார்த்தே அறியவேண்டும். தவறென்றால், கால் நூற்றாண்டு நிற்கும் மரம் வீண்.

எழுபதாண்டுகளுக்குப் பின், மலேசியச் செம்பனை வாரியத்தின் ராஜிந்தர் சிங், ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி முதலியோர் அமெரிக்க அறிஞர்களுடன் கூடி அந்த ஜீனை அடையாளங் கண்டு 2013இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். இப்போது இலைத்துணுக்கு ஒன்றைச் சோதித்தே கன்றின் ஓட்டைச் சொல்லிவிடலாம். சிறு நிலக்காரர் ஒருவர் ஏமாற்றுக் கன்றை வாங்கி வாழ்நாளை இழக்காமல் காக்கும் கருவியாக இதைக் கொண்டால், இதன் பெருமை நன்கு விளங்கும்.

இன்னொரு புதிரும் விடுபட்டது. சிறந்த மரங்களின் திசுவை வளர்த்து உருவாக்கிய கன்றுகள் சில, பூ திரிந்து, பழம் கோணி, எண்ணெய் தராமற் போயின. இதனால் 1980களில் அம்முயற்சியே சோர்ந்தது. ஜீனின் எழுத்துக்கள் மாறவில்லை. அவற்றின்மீது இடப்பட்டிருந்த ஒரு ரசாயனக் குறி அழிந்ததே காரணம் என்பதை, மெயிலினா ஓங் அப்துல்லா முதலிய மலேசிய அறிஞர்கள் 2015இல் நிறுவினர். தோட்டத்தில் கண்ட ஒரு கோணற்பழம், பரம்பரை பற்றிய சித்தாந்தத்துக்கே புதிய வெளிச்சம் தந்தது.

5. நம் கடமை

எத்தனை பழம் உதிர்ந்தால் குலை பழுத்ததென்று கொள்ளலாம் என்பதை அறிந்தவர் குலை வெட்டும் தொழிலாளி; அறுவடை விதிகளும் அந்த உதிரிப் பழத்தையே அளவுகோலாகக் கொண்டன. ஆராய்ச்சிக்கு வேண்டிய கூர்ந்த பார்வை நம்மிடம் என்றும் இருந்தது. இல்லாதிருந்தவை ஆய்வுகூடமும், அதன் வாயிலைத் திறக்கும் உயர்கல்வியுமே. மகரந்தம் தூவிய பெண்ணின் வேலையை வண்டு ஏற்றுக்கொண்டபோது, அவ்வேலையால் கிடைத்த கூலிக்கு ஈடாக அவளுக்கு யாது வழங்கப்பட்டது என்ற வினா எழுகிறது. அதற்கு விஞ்ஞானம் விடை கூறாது, சமூகமே கூறவேண்டும். அவள் பேத்தி மரபியலறிஞராகவோ பொறியாளராகவோ ஆவதே தக்க விடையென்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

ஆகவே அறங்காவலர்களுக்கு ஒரு விண்ணப்பம்: இந்நிதியின் வட்டியில் ஒரு பகுதியைத் தோட்டத்துப் பிள்ளைகள் விஞ்ஞானமும் பொறியியலும் பயில்வதற்கென ஒதுக்குங்கள். ஆசிரியர்களே, ஆலையையும் கழிவுநீர்க் குளத்தையும் மாணவர்க்கு நேரே காட்டிப் பாடம் நடத்துங்கள். மாணவர்களே, உங்கள் தாத்தா பாட்டிமார் கண்டறிந்து வைத்திருப்பவற்றைக் கேட்டுத் தமிழில் எழுதி வையுங்கள். அவர்கள் கண்டதற்குக் காரணம் காணும் பொறுப்பு உங்களுடையது. அப்பொறுப்பை ஏற்க இன்றே ஆயத்தமாகுங்கள் என்று வேண்டி அமைகிறேன்.